தண்ணீர் லாரி டிரைவர் பெட்ரோல் டேங்கர் ஓட்டலாமா?

நங்கநல்லூர் சந்துகளில் தண்ணீர் லாரியை அசால்ட்டா திருப்புற டிரைவர், நாளைக்கே பெட்ரோல் டேங்கர் வேலைக்குப் போக முடியுமா? முடியாது. கனரக வாகன லைசென்ஸ் மட்டும் போதாது. அபாயகரமான பொருட்களை ஏற்றிச்செல்ல அதில் தனி அனுமதி பதிவாகியிருக்கணும்.

என்ன தேவை?

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-வது விதிப்படி, ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். மாநில அரசின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் 3 நாள் பயிற்சி முடித்துத் தேர்ச்சி பெற வேண்டும். 2019 சட்டத் திருத்தத்துக்கு முன் இந்த அனுமதி ஓராண்டுதான் செல்லும். இப்போது 3 ஆண்டுகள்.

எதைப் படிக்கணும்?

டேங்கரின் எச்சரிக்கைப் பலகையில் 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் எல்பிஜி. கசிவு ஏற்பட்டால், உள்ளே இருப்பது என்ன என்று தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்வது இந்த எண்தான். இதோடு பாதுகாப்பான டிரைவிங், அவசர நேரத்தில் செய்ய வேண்டியவை எல்லாம் பாடத்தில் உண்டு.

பழைய அனுபவம் வீணா?

இல்லை. பாதி நிரம்பிய டேங்கில் சடன் பிரேக் போட்டால், திரவம் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். வளைவில் ஒரு பக்கமாகச் சாய்க்கும். தண்ணீரோ பெட்ரோலோ, தளும்பல் ஒண்ணுதான். ஆனால் தண்ணீர் கொட்டினால் ரோடு நனையும். பெட்ரோல் கொட்டினால் ஒரு பொறி போதும். அந்த வித்தியாசத்துக்குத்தான் இந்த 3 நாள் வகுப்பு.