எந்த நிலத்தை வாங்கினால் யானைக்கு வழி கிடைக்கும்?

குடியாத்தத்திலிருந்து மோர்தானா அணைப் பக்கம் போனால் காடு தொடங்கிவிடும். மலைக்கு அப்பால் ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயம். அங்கிருந்து யானைகள் இறங்கி வாழையையும் நெல்லையும் மிதித்துவிட்டுப் போவது எல்லையோரக் கிராமங்களின் பழைய துயரம். பட்டாசு வெடித்து, தகரம் தட்டி விரட்டுகிறார்கள். நாலு நாளில் மறுபடி வந்து நிற்கின்றன.

யானை நடக்கும் நிலத்தையே விலைக்கு வாங்கிக் காட்டோடு சேர்த்துவிட்டால்? அப்படிச் செய்த அறக்கட்டளை இந்தியாவில் உண்டு. ஆனால் கையிலிருக்கும் பணத்துக்கு எதை வாங்குவது, எதை விடுவது?

அந்த அமைப்பான இந்திய வனவிலங்கு அறக்கட்டளை 2005-இல் நாடு முழுவதும் 88 யானை வழித்தடங்களைப் பட்டியலிட்டது. 2017-இல் அது 101 ஆனது. ஒவ்வொரு தடத்தையும் இரண்டு கேள்விகளால் எடைபோட்டார்கள். முதலாவது, சூழலியல் முக்கியத்துவம். இரு பக்கமும் பெரிய காடு இருக்கிறதா? யானை அடிக்கடி கடக்கிறதா? அந்த வழி அடைபட்டால் மாற்று வழி உண்டா? தனியே கிடக்கும் நூறு ஏக்கர் தோப்பைவிட, இரண்டு காடுகளை இணைக்கும் பத்து ஏக்கர் மேலானது என்பதே இதன் கணக்கு. யானை மேய வரும் இடம் வேறு, கடந்து போகும் இடம் வேறு. மேய வரும் வயலுக்கு அகழியும் உரிய நேரத்தில் இழப்பீடும்தான் வேண்டும்.

இரண்டாவது கேள்வி, நடைமுறையில் முடியுமா என்பது. பட்டா நிலமா, புறம்போக்கா? வில்லங்கம் உண்டா? வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா? குடியிருப்பவர்கள் மனமுவந்து நகர்வார்களா? எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் பெரிது. வயநாட்டின் திருநெல்லி–குத்ரகோட்டு தடத்தில் நான்கு குடியிருப்புகளின் மக்கள் வேறிடத்தில் வீடும் நிலமும் பெற்று, விரும்பி நகர்ந்தார்கள். அறக்கட்டளை வாங்கிய அந்த நிலம் பிறகு கேரள வனத்துறையிடம் போனது.

அரசாணை வழியில் போனால் இவ்வளவு சுமுகம் இல்லை. நீலகிரியின் சீகூர் வழித்தடத்தைத் தமிழக அரசு 2010-இல் அறிவித்தது. உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது 2020 அக்டோபர் ஆகிவிட்டது.

அமெரிக்காவில் நிலத்தை வாங்காமலே, உரிமையாளர் இனி கட்டடம் கட்டமாட்டேன் என்று அறக்கட்டளைக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுக்கலாம். நமது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் அதற்கு இடமில்லை; ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவருக்கு அது தரும் உரிமை பக்கத்து நிலத்தின் பயனுக்காகத்தான். இங்கும் அப்படியொரு சட்டம் வந்தால், நிலத்தை விற்க மனமில்லாத விவசாயிக்கும் ஒரு வழி பிறக்கும்.

மோர்தானா அடிவாரத்தில் யானை எந்தெந்த சர்வே எண் வழியாகக் கடக்கிறது என்பது அங்கே பயிர் செய்பவர்களுக்குத்தான் தெரியும். அதைக் கிராமசபையில் பதிவுசெய்து வனத்துறையிடம் கொடுங்கள். அந்த நிலங்களில் மனைக்கல் நடப்படும் முன்பே கொடுங்கள்.