இடிந்த கோபுரமும் எழுந்த கோபுரமும்

கடையநல்லூரிலிருந்து தென்காசிக்குப் பஸ்ஸில் போகிறீர்களா? மேற்குப் பக்கத்து ஜன்னலோரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். வழி நெடுக மலை கூடவே வரும். சாரல் காலமானால் வயலின் பச்சையும் மலையின் நீலமும் மேகத்தின் வெள்ளையும் ஒன்றில் ஒன்று கரைந்து நிற்கும். தென்காசியை நெருங்கியதும் காசி விசுவநாதர் கோவிலின் ஒன்பது நிலைக் கோபுரம் தலை தூக்கும்.

மலை, பள்ளத்தாக்கு, பழைய கோபுரம்! இந்த மூன்றுக்காகத்தானே அந்த நாள் ஆங்கிலச் சித்திரக்காரர்கள் ஊர் ஊராக அலைந்தார்கள்! அதிலும் கோபுரம் இடிந்து, கொடி படர்ந்து கிடந்தால் அவர்களுக்குப் பரம திருப்தி. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த மோகம் முற்றி, சில பிரபுக்கள் தங்கள் தோட்டங்களில் இடிந்த கோபுரங்களைப் புதிதாகவே கட்டி வைத்துக்கொண்டார்களாம்!

1792-ல் தாமஸ் டேனியல் என்ற சித்திரக்காரரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் தென்னாட்டில் பிரயாணம் செய்தார்கள். நம் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தார்கள். பாபநாசம் அருவியை அவர்கள் வரைந்த படம் 1804-ல் லண்டனில் அச்சாகி வெளிவந்தது. இடத்திலேயே பென்ஸிலால் கோடு போட்டு, மேலே மெல்லிய நீர்வர்ணம் பூசுவது அக்கால வழக்கம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. அருவியின் வெண்மைக்குத் தனி வர்ணம் வேண்டியதில்லை. தூரிகை தொடாமல் விட்ட காகிதமே அருவியாகிவிடும்!

தென்காசிக் கோவிலை 1446-ல் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியனின் மனசு வேறு மாதிரி. இந்த ஆலயத்துக்கு எதிர்காலத்தில் ஏதேனும் குறை வந்தால், அதைச் சரி செய்து காப்பவர் யாராயினும் அவரை உலகறியப் பணிகிறேன் என்று பாட்டாகவே கல்லில் பொறித்து வைத்தான். மணிமுடி தரித்த அரசன், இன்னும் பிறக்காதவர்களுக்கு முன்கூட்டியே வணக்கம் சொல்லிவிட்டான்!

அவன் பயந்தபடியே நடந்தது. கோபுரம் சிதைந்து, பிளந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. சித்திரத்துக்கு அது அழகாக இருந்திருக்கலாம். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே கோவிலுக்குப் போய் வந்த ஊர்க்காரர்களுக்கு அது மனக்குறைதானே? 1990-ல் கோபுரம் மறுபடி எழுந்து, கும்பாபிஷேகமும் நடந்தது. சுமார் 180 அடி உயரம்!

அடுத்த முறை குற்றாலத்தில் குளித்துவிட்டு வரும்போது, அந்த வாசலில் சற்று நில்லுங்கள். அங்கே வீசும் காற்று பிரசித்தமானது. தலை ஈரம் உலர்வதற்குள், பாண்டியன் யாரைப் பணிந்தான் என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிடலாம்.