பிச்சாவரத்தை மீட்ட மீன்முள் வாய்க்கால்கள்

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய இரு ஆறுகளின் கழிமுகங்களுக்கு இடையே பரந்திருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இந்தச் சேற்றில் வெண்கண்டல், சுரபுன்னை, தில்லை முதலிய மரங்கள் வளர்கின்றன. இவற்றின் வேர்கள் வண்டலைப் பிடித்து வைக்கின்றன. இறாலும் நண்டும் மீனும் குஞ்சுப் பருவத்தை இந்த வேர்களுக்கு நடுவில்தான் கழிக்கின்றன.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தக் காட்டைக் கூறுகளாகப் பிரித்து, முறை வைத்து மொட்டையாக வெட்டினார்கள். விடுதலைக்குப் பின்னும் அந்த வழக்கம் நீடித்தது. வெட்டிய இடம் தானே தழைத்துவிடும் என்ற கணக்கு பொய்த்தது. நிழல் போனதும் வெயிலில் சேற்றின் ஈரம் வற்றி, நிலம் இறுகித் தாழ்ந்து பள்ளமானது. ஓதம் ஏறும்போது புகுந்த கடல்நீர், வடியும்போது வெளியேற வழியில்லாமல் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக ஆவியாக மண்ணில் உப்பு கூடிக்கொண்டே போனது. உப்பை மிகவும் தாங்கக்கூடிய வெண்கண்டல்கூட அங்கே முளைக்கவில்லை. விறகு பொறுக்கியும் மாடு மேய்த்தும் பிழைத்த ஊர்மக்கள் மீதே நெடுங்காலம் பழி விழுந்தது. அது நியாயமற்ற பழி.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மாற்றுவழியில் இறங்கினார்கள். முதல் வேலை நாற்று நடுவதல்ல, நீருக்கு வழி விடுவது. இயற்கை ஓடையோடு இணையும் ஒரு முதன்மை வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டப்பட்டன. ஓதம் ஏறி இறங்கி உப்பைக் கழுவியது. அதன் பிறகே வாய்க்கால் சரிவுகளில் நாற்று நட்டார்கள். சரிவில் நடுவதற்குக் காரணம் உண்டு: பள்ளத்தில் நட்டால் நாற்று மூழ்கி அழுகும், மேட்டில் நட்டால் காயும். ஓதம் வந்து தொட்டுத் திரும்பும் உயரமே அதற்கு ஏற்றது. புகைப்படத்துக்காகக் கடற்கரையில் கண்ட இடத்தில் கன்று நடும் விழாக்கள் தோற்பதும் இதனால்தான். வாய்க்கால்கள் வண்டலால் தூர்ந்துவிடும் என்பதால், அவ்வப்போது தூர்வாரும் பொறுப்பும் திட்டத்தின் ஒரு பகுதியே.

2004 டிசம்பர் 26 சுனாமியில், மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று கடலூர் கடற்கரையை ஆராய்ந்தவர்கள் 2005-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். கடலிலிருந்து ஊரின் தூரமும் நிலத்தின் உயரமுமே காப்பாற்றின என்று மறுத்தவர்களும் உண்டு. புயல் அலையின் வேகத்தை அடர்ந்த காடு தணிக்கும். ஆனால் எச்சரிக்கை ஏற்பாட்டுக்கும் பாதுகாப்புக் கட்டடத்துக்கும் அது மாற்றாகாது.

வாய்க்கால் வெட்டிச் சரிசெய்யக்கூடியது ஓதத்தின் போக்கை மட்டுமே. கழிமுகத்துக்கு வரும் நன்னீர் குறைந்தால் உப்பு மறுபடியும் ஏறும். அந்த நீரை விடுவதா தடுப்பதா என்ற முடிவு காட்டில் அல்ல, ஆற்றின் மேல்பகுதியில் உள்ள அணைகளில்தான் எடுக்கப்படுகிறது.