மலைத்தோட்ட ஜீப்பின் முன்பட்டைகளை மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

மலைத்தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு ஜீப் வண்டி வீட்டு உழவு மாட்டைப் போன்றது. சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்கவும், கொடைக்கானல் கீழ்மலையில் காப்பி மூட்டை சுமக்கவும், போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லவும் ஜீப்பையே நம்ப வேண்டியுள்ளது. இவற்றில் பழைய வண்டிகளின் முன்புறம் நாளடைவில் தாழ்ந்து, குண்டு குழிகளில் 'தடால்' என்று இடிக்கத் தொடங்கும். உடனே பட்டறைக்குச் சென்று, "ரெண்டு பட்டை சேர்த்துக் கட்டுங்க" என்று சொல்வது வழக்கமாக இருந்து வருகிறது. வண்டி உயரும், இடிப்பதும் நிற்கும். ஆனால் ஸ்டியரிங் கையில் அதிரும். சரளைப் பாதையின் வளைவில் முன்சக்கரம் பிடிப்பின்றி வெளிப்பக்கமாக நழுவும். கொல்லிமலையைப் போல 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் இது உயிருக்கே ஆபத்தாகும்.

இங்கே சொல்லப்படுபவை, முன்னச்சு ஒரே தண்டாக இருந்து இரு பக்கமும் பட்டைக்கட்டுகளோடு யு போல்ட்டால் பிணைக்கப்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். வில்லிஸ் வழிவந்த பழைய மகிந்திரா ஜீப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. 2010-இல் வெளிவந்த தார் வண்டியில் முன்புறம் முறுக்குத் தண்டும், 2020-இல் வந்த தாரில் சுருள் ஸ்பிரிங்கும் உள்ளன. அவற்றைச் சீர்செய்யும் முறை வேறு.

பட்டையின் வேலை என்ன?

வண்டியைத் தாங்குவது மட்டுமே பட்டையின் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். சக்கரத்தை எந்நேரமும் தரையோடு ஒட்டி வைத்திருப்பதும் அதன் வேலையே. சக்கரம் தரையில் பட்டிருந்தால்தான் பிரேக்கும் பிடிக்கும், ஸ்டியரிங்கும் கேட்கும். கல்லின் மேல் ஏறும்போது பட்டை வளைந்து கொடுக்க வேண்டும். பள்ளம் வரும்போது சக்கரத்தைக் கீழே தள்ளிவிட வேண்டும். விறைத்த பட்டை இவ்விரண்டையும் செய்யாது.

விறைப்பு எதனால் கூடுகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. பட்டைகளின் எண்ணிக்கை கூடினால் அதே விகிதத்தில் விறைப்பும் கூடும். அதாவது ஏழு பட்டைகள் கொண்ட கட்டில் அதே தடிமனில் ஒன்றைச் சேர்த்தால் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடும். ஆனால் தடிமன் கூடினால் கதையே வேறு. 6 மி.மீ. பட்டைகளுக்குப் பதில் 8 மி.மீ. பட்டைகளைப் போட்டால் விறைப்பு சுமார் 2.4 மடங்கு ஆகிவிடும். நீளத்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது. நீளம் 10 சதம் கூடினால் விறைப்பு கால் பங்கு குறையும். லாரியில் கழித்துப் போட்ட தடித்த பட்டையை வெட்டி ஜீப்புக்குக் கட்டுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்தே விளங்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். வண்டியின் பாரத்தால் பட்டை 10 செ.மீ. தாழ்வதாக வைத்துக் கொண்டால், முன்புறம் நிமிடத்திற்குச் சுமார் 95 முறை மேலும் கீழும் ஆடும். 5 செ.மீ. மட்டுமே தாழும் விறைத்த பட்டையில் இது 134 முறை ஆகிறது. முன்னது நாம் நடக்கும்போது உடல் ஏறி இறங்கும் வேகத்திற்கு நெருக்கமானது. பின்னது ஓட்டுபவரின் இடுப்பைப் பதம் பார்த்துவிடும்.

காய்கனிச் சேதம் குறையும் என்ற எண்ணத்தில் முன்பட்டையை மாற்ற வருபவர்களும் உண்டு. பெட்டியின் மேலடுக்குத் தக்காளி எழும்பி விழுந்து நசுங்குவது அதிர்வினால்தான். எனினும் சரக்கின் பாரம் பெரும்பாலும் பின்னச்சின் மேல் இருப்பதால், அதற்குப் பின்பட்டைகளைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியவை

சமதரையில் வெற்று வண்டியை நிறுத்தி, அச்சுக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். இரு பக்கமும் ஒரே அளவில் இருந்து, ஓட்டத்தில் மட்டும் இடிக்கிறது என்றால் குற்றம் பட்டையில் இல்லாமலும் இருக்கலாம். பம்பரின் மேல் ஏறி நின்று அழுத்திவிட்டு இறங்குங்கள். முன்புறம் ஒன்றிரண்டு ஆட்டத்தில் அடங்காமல் தொடர்ந்து ஆடினால் ஷாக் அப்சார்பர் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதில் எண்ணெய்க் கசிவு இருந்தாலும் இணையாகவே மாற்றிவிட வேண்டும். ஷாக் அப்சார்பர் பாரம் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குகிறது. இதை மாற்றியதுமே பாதிப் பேருக்குப் பட்டறைச் செலவு மிச்சமாகும் என்பது என் கருத்து.

அடுத்து ஷேக்கிளையும் புஷ்களையும் பாருங்கள். கம்பியால் நெம்பும்போது ஆட்டம் தெரிந்தால் புஷ், பின் இரண்டையும் புதுப்பிக்க வேண்டும். கட்டைப் பிரித்துப் பார்த்தால் பட்டைகளுக்கு இடையே சேறும் துருவும் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைக் காணலாம். இப்படிப்பட்ட கட்டு நல்ல பட்டைகளால் ஆனதாயினும் விறைத்தே நிற்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிராபைட் கிரீஸ் தடவிக் கட்டினாலே வேறுபாடு தெரியும்.

தாழ்ந்த பட்டையைக் கொல்லுலையில் பழுக்கக் காய்ச்சி வளைத்துத் தருவோர் உண்டு. இதை ஏற்கவே கூடாது. ஸ்பிரிங் எஃகை எண்ணெயில் தோய்த்து, பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்தியே அதற்கு வலிமை ஏற்றுகிறார்கள். உலைச்சூட்டில் அந்தப் பதம் போய்விடும். வளைவு திரும்பி வந்தாலும் சில மாதங்களில் மறுபடி தாழும், அல்லது ஒரு நாள் முறியும். பட்டையில் வெல்டிங் வைப்பதும் இதே போன்ற ஆபத்துத்தான். விரிசல் கண்ட பட்டைக்கு வைத்தியமே இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

புதுக்கட்டு வாங்கும்போது

உங்கள் மாடலுக்கு உரிய அகலமும் நீளமும் கொண்ட கட்டையே கேட்டு வாங்குங்கள். தடித்த பட்டைகள் சிலவற்றைக் காட்டிலும் மெல்லிய பட்டைகள் பல கொண்ட கட்டு மேல். முன்புறத்தில் வின்ச் போன்ற நிரந்தரப் பாரம் ஏறியிருந்தால் மட்டும் ஒரு பட்டை கூட்டலாம். இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வண்டியை உயர்த்துவதற்காக நீண்ட ஷேக்கிள் போடும் பழக்கம் பரவியுள்ளது. பழைய ஜீப்புகளில் முன்பட்டையின் ஷேக்கிள் முன்நுனியில் இருப்பதால், அதை நீட்டினால் பட்டை முன்பக்கம் சாயும். கிங்பின்னின் பின்சாய்வு குறையும். அந்தச் சாய்வு சுமார் 3 டிகிரிதான். அதுவும் போனால் வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பாது, வண்டி அலையும். மேலும் பிரேக் ஹோஸ் இழுபடும். சக்கரம் முழுதும் கீழே தொங்கும் நிலையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஹோஸ் தளர்வாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அச்சு மேலே வந்து முட்டும் இடத்திலுள்ள ரப்பர் கட்டையை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது என்பதையும் நினைவிற் கொள்க.

புதுக்கட்டோடு யு போல்ட்டுகளும் புதிதாகவே இருக்கட்டும். நீண்டுவிட்ட பழைய போல்ட் மறுபடி இறுகாது. வண்டி தரையில் தன் பாரத்தில் நிற்கும்போதுதான் ஷேக்கிள் நட்டுகளை முழுதும் முடுக்க வேண்டும்; தூக்கி நிறுத்திய நிலையில் முடுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக் கொண்டு சீக்கிரம் கிழியும். முதல் 100 கி.மீ. ஓடியதும் யு போல்ட் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். அவை தளர்ந்தால் சென்டர் போல்ட் அறுந்து, அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி வண்டி ஓரமாக இழுக்கும்.