பூனைக்கு நீரிழிவு: அடுத்த பரிசோதனை தேவையா?

நீரிழிவுக்காக எங்கள் பிரிவுக்கு வரும் குடும்பத்தினர் சிலர், வீட்டுப் பூனைக்கும் அதே நோய் எனக் கூறி, மேலும் பரிசோதனைகள் செய்வதா என வினவுகின்றனர். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவரே. ஆயினும் எழுப்ப வேண்டிய கேள்வி மனிதருக்கும் பூனைக்கும் ஒன்றே: பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றுமா?

அச்சமுற்ற பூனைக்கு, நோய் இல்லாதபோதும் இரத்தச் சர்க்கரை உயரும். ஆகவே ஒரே அளவீட்டைக் கொண்டு நோயை உறுதிசெய்யலாகாது. கடந்த இரண்டு, மூன்று வாரங்களின் நிலையைக் காட்டும் ஃபுரக்டோசமின் பரிசோதனை இங்கு உதவும். மனிதருக்குச் செய்யும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையைப் போன்றது அது. சிறுநீர்ப் பரிசோதனை கிருமித்தொற்றையும் கீட்டோனையும் காட்டும்.

இன்சுலினை உயர்த்தியும் சர்க்கரை குறையாவிடில், முதலில் ஊசி போடும் முறையையும் மருந்தைப் பாதுகாக்கும் விதத்தையும் சரிபார்க்க வேண்டும். அவை சரியாக இருப்பின், பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு உள்ளதா என ஆராய்வது பொருத்தமாகும்.

நன்கு உண்டு, எடை நிலைத்து, நீர் வேட்கை தணிந்த பூனைக்கு மேற்பரிசோதனைகளைத் தள்ளிவைப்பதில் பிழையில்லை. உண்ணாமல், வாந்தியெடுத்துச் சோர்ந்த பூனைக்கு ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

நெசவுக் கூலியில் செலவைக் கணக்கிடும் இல்லத்தினர், தங்களால் இயன்ற தொகையை மருத்துவரிடம் முதலிலேயே கூறலாம். அத்தொகை முதலில் இன்சுலினுக்கும் உணவுக்கும் செல்லட்டும். தொடக்கத்திலேயே நன்கு கட்டுப்படுத்தினால், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலையும் வருவதுண்டு. கூடுதல் ஆலோசனைக்கு, வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடலாம்.

உங்கள் இன்சுலினையோ மாத்திரையையோ நீங்களாகவே பூனைக்குத் தராதீர்கள் என வலியுறுத்துகிறோம். சர்க்கரை மிகக் குறைந்தால் உயிரே போகக்கூடும்.