நனைந்த செல்போனும் அரிசிப் பானையும்

சேரன்மகாதேவியில் தாமிரபரணிப் படித்துறையிலோ கன்னடியன் கால்வாய்க் கரையிலோ கால் கழுவக் குனிகிறவரின் சட்டைப்பையைப் பாருங்கள். செல்போன் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது தண்ணீரில் விழுந்தால் உடனே வரும் யோசனை, "அரிசிக்குள்ள போட்டு வையுங்க" என்பதுதான். நெல் விளையும் ஊரில் அரிசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் போனின் உள்ளே தங்கிய நீரை இழுத்தெடுக்கும் வலு அதற்கு இல்லை. தவிடும் குருணையும் சார்ஜ் போடும் துளையை அடைத்துக்கொள்வதுதான் மிச்சம். அரிசிப் பைக்குள் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது.

"அரிசியில் போட்டுத்தான் என் போன் பிழைத்தது" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு நாள் அணைத்து, தொடாமல் வைத்ததுதான் அதைக் காப்பாற்றியது; காற்றாடும் மேசையில் வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும், ஒருவேளை சீக்கிரமாகவே. ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் உள்ளிருக்கும் செம்புப் பாதைகள் வேகமாக அரித்துப்போகின்றன. அதனால் 'வேலை செய்கிறதா' என்று உடனே ஆன் செய்து பார்ப்பதும் சார்ஜ் போடுவதும்தான் பெரிய கெடுதல். "என்னுடையது ஐபி68, தண்ணீர் புகாது" என்பதும் முழுப் பாதுகாப்பல்ல. அந்தத் தரச் சோதனை புதிய போனை, சுத்தமான நன்னீரில் வைத்துச் செய்வது. சோப்பு நுரையும் சேறும் அதில் சேராது. கீழே விழுந்து அடிபட்ட போனில் ரப்பர் அடைப்பும் தளர்ந்திருக்கும். நனைந்தால் உடனே அணைத்து, துளை கீழே பார்க்க மெதுவாகத் தட்டி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். படித்துறையில் இறங்கும் முன்பே போனைப் பையில் போட்டு மூடிவிட்டால் இந்த வேலையே இல்லை.