கொடியேற்றத்தில் அடை, சப்பறத்துக்கு முன் குஞ்சு: தெரியுமா?

குசினி மூலையில் பழைய கடகத்துக்குள் அசையாமல் கிடக்கிறதே ஒரு பேட்டுக்கோழி, அதை நின்று பார்த்திருக்கிறீர்களா? கண் பாதி மூடியிருக்கும். கிட்டப் போனால் உடம்பெல்லாம் இறகு சிலிர்க்கும், தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல் வரும். "கை வையாதை பிள்ளை, கொத்தப்போகுது!" என்று அம்மம்மா கிணற்றடியில் இருந்தே கத்துவா. முந்தாநாள் வரை ஆள் நிழலைக் கண்டாலே ஓடின கோழி அது! இன்றைக்கு மலை மாதிரிக் கிடக்கிறது. என்ன நடந்தது, தெரியுமா?

கோழியின் மூளைக்கு அடியில் ஒரு சின்னஞ்சிறு சுரப்பி இருக்கிறது. அது புரோலக்ரின் என்ற ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கத் தொடங்கியதுதான் காரணம். எங்கள் தாய்மாருக்குப் பால் சுரக்க வைப்பதும் இதே ஓமோன்தான்! பாலே கொடுக்காத பறவைக்குள் போய் அது தாய்மையை மூட்டிவிடுகிறது. முட்டையிடுவது நிற்கும். பசி அடங்கும். நெஞ்சுப் பக்கத்து இறகுகள் உதிர்ந்து தோல் வெறுமையாகும், அந்தத் தோலுக்கு இரத்தம் பெருகி ஓடும். இறகு சூட்டை மறைக்கும் போர்வை அல்லவா? அந்தப் போர்வையை விலக்கித் தன் தோலையே நேராக முட்டையில் பதிக்கிறது கோழி. அதன் உடம்பு 41 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். முட்டைக்கு வேண்டியது 37.5 பாகை. வெப்பமானி இல்லாமலே அந்த அளவு பிடிபடுகிறது! ஓரத்தில் கிடந்து ஆறிய முட்டையைச் சொண்டால் உள்ளே இழுக்கும், நடுவில் சூடேறியதை ஓரத்துக்குத் தள்ளும். இரவிலும் இந்த வேலை நடக்கும். உருட்டாமல் விட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிப்போகும்.

நாளுக்கு ஒரு தடவை, பதினைந்து இருபது நிமிடம் மட்டும் எழும்பி வரும். அவசரமாகக் கொஞ்சம் அரிசி, இரண்டு வாய் தண்ணீர், ஒரு மண் குளியல். நாள் முழுக்க அடக்கி வைத்த எச்சத்தை ஒரே தடவையில் வளவின் மூலையில் போட்டுவிட்டுத் திரும்ப ஓடும். கடகத்துக்குள் ஒரு சொட்டு விழாது.

இன்னொன்று கேளுங்கள். சேவலைக் கறி வைத்த பிறகும் பேடு இடுகிற முட்டை குஞ்சு பொரிக்கும், தெரியுமா? கோழியின் முட்டைக்குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பைகள் இருக்கின்றன. ஒருமுறை சேவலுடன் சேர்ந்தால் விந்தணுக்கள் அந்தப் பைகளில் இரண்டு கிழமை அளவுக்கு உயிரோடு தங்கும். அன்றன்றைக்கு வருகிற மஞ்சட்கருவுக்கு அன்றன்றைக்கு எடுத்துக் கொடுக்கும்! சேவல் இல்லாத வீட்டுக்காரர் பக்கத்து வளவுச் சேவல் வேலி பாய்ந்து வந்த ஒரு நாளை நம்பி அடை வைப்பது இதனால்தான் பலிக்கிறது.

முட்டைகள் இட்ட நாட்கள் வேறு வேறு. முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி இருக்கும். ஆனால் குஞ்சுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நாளில் வெளியே வருகின்றன. எப்படி? முட்டைக்குள் கரு உறங்கும்! குளிரான இடத்தில், 20 பாகைக்குக் கீழே என்றால், உயிர் இருந்தும் வளராமல் காத்திருக்கும். கோழி ஏறிக் கிடந்ததும் எல்லாம் சேர்ந்து எழும்பும்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு சிக்கல். யாழ்ப்பாணத்து இரவுகூட 20 பாகைக்கு இறங்குவது அபூர்வம். கோடையில் அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்த முட்டைக்குள் கரு அரைத் தூக்கத்தில் புரண்டு, வளரவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் களைத்துப் போகும். அதனால் அடை வைக்கிற முட்டை ஒரு கிழமைக்கு உட்பட்டதாக இருந்தால் நல்லது. ஈர மணலில் வைத்த மண்சட்டிக்குள், கூர் முனை கீழே இருக்க, நிழலில் வைத்தால் இன்னும் நல்லது. தண்ணீர்ப் பானை குளிர்கிற அதே வித்தைதான் முட்டையையும் காப்பாற்றுகிறது.

அடை வைக்கிற அன்று எங்கள் வீடுகளில் ஒரு சடங்கே நடக்கும். கடகத்தில் சாம்பல் தூவி, வைக்கோல் பரப்பி, செள்ளு வராமல் இரண்டு வேப்பங்கொத்து. "எத்தினை வைக்கிறது அம்மம்மா?" "ஒற்றைப்படையா வை பிள்ளை. இந்தக் கோழிக்குப் பதினொண்டு காணும்." பிறகு ஒரு இரும்பு ஆணி, ஒரு கரித்துண்டு. இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும், இரும்பு அதைத் தடுக்கும் என்று நம்பிக்கை. இடிச்சத்தம் முட்டையைக் கெடுப்பதில்லை. ஆனால் இடியோடு வருகிற மாரி கெடுக்கும்! வாடைக்காற்றும் ஒக்ரோபர், நவம்பர் மழையும் சேர்ந்தால் கடகம் ஈரமாகும், ஓட்டின் நுண்துளைகளை ஈரமும் அழுக்கும் அடைக்கும், பொரித்த குஞ்சு நனைந்து விறைக்கும். அந்தக் காலத்தில் கூழ்முட்டை கூடியதைக் கண்டவர்கள் பழியை இடியின்மேல் போட்டார்கள். அவர்கள் கண்டது சரி, காரணம்தான் பக்கத்தில் நின்றது.

அப்படியானால் எப்போது வைப்பது? நல்லூர் முருகன் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள்! கொடியேறி 25 நாள். மச்சம் மாமிசத்தோடு முட்டையையும் விலக்குகிற வீடுகள் எத்தனை! ஊர்க்கோழி இட்டுக்கொண்டே இருக்கும், சமைக்க ஆளில்லை. கொடியேற்றத்தன்று பின்னேரம் அடை வைத்தால் 21 நாள் கணக்கு 22ஆம் திருவிழாவில் முடியும். மறுநாள் சப்பறம், அதற்கடுத்த நாள் தேர். சப்பறம் பார்க்க வீடு புறப்படுகிற வேளையில் கடகத்துக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம்! காலமும் கோடைதான், நிலம் காய்ந்து கிடக்கும். மாரி தொடங்கும்போது குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் ஆகி இறகு மூடியிருக்கும். இதைவிடப் பொருத்தமான நாட்காட்டி எனக்குத் தெரியவில்லை. அதுவும் சேவற்கொடியோனின் திருவிழாவில்!

ஏழாம் நாள் இரவு. விளக்கை அணைத்துவிட்டு முட்டையின் அகன்ற முனையில் ரோச் லைற்றைப் பிடியுங்கள். உள்ளே சிவப்பு ஒளி. நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து எட்டுத் திக்கும் மெல்லிய இரத்த நாளங்கள், வலைக்குள் தொங்குகிற சிலந்தி போல. கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், அந்தச் சிலந்தி அசையும்! இரண்டாம் நாள் முடிவிலேயே இதயம் துடிக்கத் தொடங்கிவிட்டது, தெரியுமா? சுமார் 2,300 வருடங்களுக்கு முன் கிரேக்கத்து அரிஸ்ரோட்டில் ஒவ்வொரு நாளும் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்து, மூன்று நாள் ஆனதும் ஓர் இரத்தப் பொட்டு துடிப்பதை எழுதி வைத்தார். எங்கள் ஆச்சிமார் உடைக்காமலே பார்த்தார்கள். வெயில் விழுகிற கிடுகு ஓட்டைக்கு நேரே முட்டையை உயர்த்தி, கையைக் குழல் போலச் சுருட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டால் போதும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் அது கரு இல்லாத முட்டை.

பதினெட்டாம் நாள் இன்னொரு வேடிக்கை. இளஞ்சூட்டுத் தண்ணீர்ச் சட்டியில் முட்டையை மெல்ல விட்டால், உயிருள்ளது தானாக ஆடும்! காற்றில்லை, கை படவில்லை, முட்டை குலுங்குகிறது. உள்ளே இருப்பவர் காலை உதைக்கிறார். ஓட்டில் சின்ன வெடிப்பு இருந்தாலும் இந்தச் சோதனை கூடாது, தண்ணீர் உள்ளே போய்விடும். அதன்பிறகு கடகத்தைத் தொடவே வேண்டாம்.

ஏனென்றால் இப்போது உள்ளே பேச்சு நடக்கிறது! முட்டையின் அகன்ற முனையில் இருக்கிற காற்றறையைக் குஞ்சு சொண்டால் குத்தித் திறந்து முதல் மூச்சை இழுக்கும். மூச்சு வந்தால் குரலும் வரும். ஓட்டுக்குள் இருந்து கீச்சிடும், மேலே கிடக்கிற தாய் அடித்தொண்டையால் பதில் சொல்லும். பிறக்கும் முன்பே தாயின் குரல் பழக்கமாகிவிடுகிறது. காடைக் குஞ்சுகள் முட்டைக்குள் இருந்து ஒன்றுக்கொன்று 'டிக் டிக்' என்று ஒலி கொடுத்து, பிந்தியவை அவசரப்பட்டு, எல்லாம் சேர்ந்து பொரிக்கின்றன என்று மார்கரெட் வின்ஸ் என்ற ஆய்வாளர் 1960களில் காட்டினார்.

ஓட்டை உடைக்கச் சொண்டு நுனியில் ஒரு வெள்ளைப் பல் முளைத்திருக்கும். வேலை முடிந்த சில நாளில் அதுவே உதிர்ந்துவிடும். ஓடும் முன்பு போல உறுதியாக இருக்காது, எலும்பு கட்டத் தேவையான சுண்ணாம்பைக் குஞ்சு அந்த ஓட்டிலிருந்தே உறிஞ்சி எடுத்துவிட்டது. வீட்டுச் சுவரைக் கரைத்து உடம்பு கட்டியிருக்கிறது! வெளியே வருமுன் மிச்ச மஞ்சட்கரு முழுவதையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தக் கட்டுச்சாதம் இரண்டு மூன்று நாளுக்குப் போதும். முதலில் பொரித்த குஞ்சு கடைசிக் குஞ்சுக்காகப் பட்டினியில்லாமல் காத்திருப்பது இதனால்தான். அமெரிக்காவில் 1918 முதல் ஒருநாள் குஞ்சுகளைப் பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்புவதும் இதே கட்டுச்சாதத்தை நம்பித்தான்!

தாரா முட்டையைக் கோழிக்கு வைத்துப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். தாராவுக்கு 28 நாள். இரண்டையும் ஒன்றாகப் பொரிக்க வேண்டுமானால் தாரா முட்டையை முதலில் வைத்து, ஏழு நாள் கழித்துக் கோழி முட்டையைச் சேர்ப்பார்கள். கோழி கணக்குப் பார்க்காமல் கூடுதல் கிழமையும் கிடக்கும். பிறகொரு நாள், தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் இறைக்கும்போது, தாராக் குஞ்சுகள் குடுகுடுவென்று ஓடி இறங்கிவிடும். தாய் கரையில் நின்று மேலும் கீழும் ஓடிக் கேறுகிற கேறல், ஐயோ! குஞ்சுகளுக்கோ அவள்தான் அம்மா, கூப்பிட்டால் நனைந்தபடி ஏறி வரும். பிறந்தவுடன் கண்ட அசையும் உருவைத் தாயாகப் பதித்துக்கொள்கிற இந்தப் பிணைப்பை வாத்துகளில் ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ், 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

குஞ்சுக்குக் கணக்கும் தெரியும்! பிறந்து சில நாளேயான குஞ்சுகளின் முன்னால் இரண்டு மறைப்புகளுக்குப் பின்னே சின்னப் பொருட்களை ஒவ்வொன்றாக ஒளித்து, இடம் மாற்றியும் காட்டினார்கள் இத்தாலிய ஆய்வாளர்கள். குஞ்சுகள் கூட்டிக் கழித்து, அதிகம் இருக்கிற மறைப்பை நோக்கி நடந்தன. 2009இல் வெளிவந்த ஆய்வு இது. தாய்க்கோ பரிவு தெரியும். 2011இல் பிரிஸ்ரல் பல்கலைக்கழகத்தில் குஞ்சின்மேல் மெல்லிய காற்றை ஊதிப் பார்த்தார்கள். தன்மேல் ஒன்றும் படாத தாயின் இதயம் வேகமாக அடித்தது, குஞ்சைக் கூப்பிடத் தொடங்கியது.

எங்கள் வளவில் இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. கறையான் தின்ற பழைய கிடுகை வேலியிலிருந்து உருவி நிலத்தில் ஒரு தட்டுத் தட்டுங்கள். வெள்ளை வெள்ளையாகக் கறையான் கொட்டும். தாய் ஒன்றைக் கொத்தி, விழுங்காமல் கீழே போட்டு, 'கொக் கொக் கொக்' என்று கூப்பிடும். அரைவயிற்றோடு 21 நாள் கிடந்து மெலிந்த கோழி அது. குஞ்சுகள் பாய்ந்து வந்து பிடுங்கித் தின்ற பிறகுதான் தன் வாய்க்கு ஒன்று. அந்த நேரம் மேலே பிராந்து வட்டமிட்டால் குரல் மாறும். வானத்திலிருந்து வருகிற ஆபத்துக்கு ஒரு சத்தம், கீரியோ நாயோ நிலத்தில் வந்தால் வேறு சத்தம். முதல் சத்தத்துக்குக் குஞ்சுகள் பூவரச நிழலுக்குள் மறைந்து உறைந்துபோகும். இருந்தாலும் முதல் பத்து நாள் கரப்பால் மூடி வைப்பதுதான் நல்லது, காகமும் செம்பகமும் பொல்லாதவை.

இத்தனை வித்தையும் லெகோன் கோழியிடம் கிட்டத்தட்ட இல்லை, தெரியுமா? அடை கிடந்தால் முட்டை நிற்கும் என்று அடை கிடக்காதவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து பெருக்கினார்கள். வருடத்துக்கு 280, 300 முட்டை இடும். ஆனால் தன் குஞ்சைத் தானே பொரிக்கத் தெரியாது, பொறிதான் பொரித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பொறிக்கும் பழைய கதை உண்டு. எகிப்தில் 2,000 வருடங்களுக்கு மேலாக மண் சூளைகளில் ஆயிரக்கணக்கில் முட்டை பொரிக்க வைத்தார்கள். முட்டையை எடுத்துத் தம் கண்ணிமையில் வைத்துச் சூடு பார்ப்பார்களாம்! பரிஸில் ஸ்ரெபான் ரானியே என்ற பிரசவ மருத்துவர் அங்கிருந்த விலங்குப் பூங்காவில் குஞ்சு பொரிக்கும் பொறியைக் கண்டு, குறைமாதக் குழந்தைகளுக்கும் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று கேட்டார். 1880 அளவில் மருத்துவமனைக்குள் அது வந்தது. இன்று மருத்துவமனைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் சூட்டோடு உறங்குகிற சிசுக்களின் கதை அடைக்கோழியிடமிருந்து தொடங்குகிறது!

1990களில் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது, ஜாம் போத்தல் விளக்கில் பஞ்சு நனையும் அளவுக்கு ஊற்றிப் பிள்ளைகள் படித்தார்கள். எந்தப் பொறியும் ஓடாத அந்தக் காலத்தில் ஊர்க்கோழி தன் பாட்டில் கடகத்தில் ஏறி, தன் சூட்டில் குஞ்சு பொரித்து, முட்டையும் கறியும் தந்துகொண்டிருந்தது. ஊர்க்கோழி முட்டை சின்னது, வருடத்துக்கு ஐம்பது அளவுதான் இடும் என்று குறை சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இரண்டு மாதம் ஆகும்போது ஒரு நாள் விடியற்காலை, குஞ்சுகள் வழமைபோல் கிட்ட ஓடி வரும். தாய் ஒரு கொத்துக் கொத்தித் துரத்திவிடும். குஞ்சுகள் திகைத்து நிற்கும், திரும்ப வரும், திரும்பவும் கொத்து வாங்கும். தாயின் வெளிறிய கொண்டை சிவக்கத் தொடங்கியிருக்கும். அடுத்த சில நாளில் குசினிப் பக்கம் சுற்றிச் சுற்றி வந்து, அதே பழைய கடகத்துக்குள் தலையை நீட்டிப் பார்க்கும்.